சொக்கோட்டோவின் பாவலர் நானா அஸ்மா அம்மையார்

ஆப்பிரிக்கா என்றதும் நமக்கு மிஸ்ரு தேசமும், ஸஹாபாக்கள் ஹபஷாவுக்குச் சென்ற ஹிஜ்ரத்தும் நினைவுக்கு வரும். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே வாழும் முஸ்லிம் சமுதாயத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தோல் வியாபாரம் செய்தவர்கள் மொராக்கோ தோல் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். அந்தச் சிவப்பு ஆட்டுத்தோலில் ஒரு நல்ல பகுதி மொராக்கோவில் பதனிட்டதே அல்ல. இன்றைய வட நைஜீரியாவிலுள்ள கானோ, சொக்கோட்டோ பக்கங்களிலிருந்து ஒட்டகங்களில் பாலைவனம் கடந்து வந்தது. அந்தச் சொக்கோட்டோவில் வாழ்ந்த ஒரு மாதரசியின் சரிதையை இங்கே தருகிறோம்.

நம்மில் சில ஊரார் அண்ணனை நானா என்று அழைப்பார்கள். அந்நாட்டில் அது பெண்களுக்குரிய மரியாதைச் சொல். அம்மையார் 1793-ஆம் ஆண்டு டெகல் என்னும் ஊரில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார்கள். கூடப் பிறந்த ஆண் பிள்ளைக்கு ஹஸன் என்று பெயர். ஊர் வழக்கப்படி பெண் பிள்ளைக்கு ஹுஸைனா என்று வைத்திருக்க வேண்டும். தந்தையாரோ அஸ்மா என்று பெயரிட்டார்கள். ஹிஜ்ரத்தின்போது குகைக்கு உணவு கொண்டு சென்ற அஸ்மா நாயகியின் (ரலி) பெயர் அது.

தந்தையார் ஷெய்கு உதுமான் தன் ஃபோதியோ (ரஹ்). ஆலிம்கள் வெளியில் போதனை செய்துகொண்டு, தம் மனைவியரையும் பெண்மக்களையும் அறியாமையில் விட்டுவைப்பதைக் கண்டித்து எழுதியவர்கள். எழுதியதோடு நில்லாமல் தம் வீட்டுப் பெண்களையே முதலில் ஓத வைத்தார்கள். அஸ்மா குர்ஆனை மனனம் செய்து, அரபி, ஃபுலானி, ஹௌசா மொழிகளில் தேர்ச்சி பெற்றார்கள்.

கோபிர் அரசர்கள் ஆண்கள் தலைப்பாகை கட்டுவதையும் பெண்கள் முக்காடு இடுவதையும் தடுத்த காலம் அது. 1804-இல் ஷெய்கு அவர்கள் தம் கூட்டத்தாருடன் டெகலை விட்டு ஹிஜ்ரத் செய்தபோது அஸ்மாவுக்கு வயது பத்து, பதினொன்று இருக்கும். நான்கு ஆண்டு யுத்தமும் பசியும் அலைச்சலும் கண்ணால் கண்டவை. பிற்காலத்தில் அவற்றையே பாட்டாக்கினார்கள். 1807-இல் கிதாதோ என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார்கள். 1817-இல் தந்தை மறைந்து, சகோதரர் முஹம்மது பெல்லோ கலீபாவானபோது கிதாதோ வஜீரானார்.

யுத்தம் முடிந்த நாட்டில் பெண்களின் நிலை என்ன? ஏராளமானோர் கைதிகளாக வந்தவர்கள். அந்த அரசில் அடிமை முறை இருந்தது. அதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது. எழுத்தறியாத அப்பெண்களுக்கு ஃபர்ளு, சுன்னத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அம்மையார் பாட்டைக் கையிலெடுத்தார்கள். குர்ஆனின் 114 சூராக்களின் பெயர்களையும் கோத்துப் பாட்டாக்கினார்கள். மார்க்கச் சட்டங்கள், நபிகள் நாயகத்தின் (ஸல்) வரலாறு, ராபியா பஸரியா அம்மையார் முதலான சாலிஹான பெண்களின் வரிசை, எல்லாம் ஹௌசாப் பாட்டாயின. மாவு இடிக்கும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும் பாடினால் மனதில் தங்கிவிடும் அல்லவா?

இனித்தான் நமக்கு ஆச்சரியம். பிள்ளை பெற்று வளர்க்கும் பருவத்துப் பெண்கள் வீட்டை விட்டு வெகுதூரம் வர இயலாது. ஆகவே வயதான மாதரும் சிறு பெண்களும் கிராமங்களிலிருந்து கூட்டமாக நடந்து வந்து, அம்மையாரிடம் பாடம் கேட்டுத் திரும்பி, மற்றவர்களுக்கு ஓதிக் கொடுத்தார்கள். கூட்டத் தலைவிக்கு ஜாஜி என்று பெயர். அவளுக்கு அம்மையார் ஓர் ஓலைத் தொப்பியும் அதில் கட்டச் சிவப்புத் துணியும் கொடுப்பார்கள். அத்தகைய தொப்பி முன்பு ஆவி வழிபாடு நடத்திய பெண் தலைவியின் அடையாளம். அதை எரிக்காமல், கல்வி கொடுப்பவளின் அடையாளமாக மாற்றிவிட்டது எத்தனை சாமர்த்தியம்! இக்கூட்டத்தார்க்கு யன் தாரு என்று பெயர்.

ஹௌசாவையும் ஃபுலானியையும் அரபு எழுத்தில் எழுதுவார்கள். அதை அஜமி என்பர். நம்முடைய அரபுத்தமிழும் இங்குள்ள ஜாவியும் அதே ஜாதி. கீழக்கரை ஆசியா உம்மாவும் தென்காசி ரசூல் பீவியும் ஞானப் பாடல்கள் பாடிய சமுதாயம் நம்முடையது. நம் பிள்ளைகள் ஜொகூர் அகாமா பள்ளிக்கூடத்தில் ஜாவி படிக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கொண்டே அரபுத்தமிழ்க் கிதாபையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். ஆனால் ராத்தம்மா பெட்டியில் வைத்துவிட்டுப் போன கிதாபு பல வீடுகளில் கறையானுக்குப் போய்விட்டது. பாட்டு அவர்களோடு மையித்துக்குப் போயிற்று.

அம்மையாரின் பாடல்களில் நம் மனத்தைத் தொட்டவை இரங்கற்பாக்கள். 1837-இல் பெல்லோ மறைந்தபோது பாடினார்கள், அது எதிர்பார்க்கக்கூடியதே. தோழி ஆயிஷாவை இழந்த துக்கத்தை அரபியில் பாடினார்கள். அண்டை வீட்டு ஹலீமாவுக்கும் பாடினார்கள். ஸஹராத்து என்ற பெண், பிரசவத்துக்குத் துணை நின்று, மையித்தைக் குளிப்பாட்டியவள். அவளுக்கும் ஒரு பாட்டு உண்டு. நம்மூர்களில் அந்த வேலை செய்யும் பெண்ணின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு வஜீரின் மனைவி அவள் பெயரைப் பாட்டில் வைத்ததால், இன்றைக்கு நாம் ஜொகூரில் அதை எழுதுகிறோம்.

1864-இல் அம்மையார் வபாத்தானார்கள். சகோதரி மர்யம் போதனையைத் தொடர்ந்தார்கள். 1903-இல் ஆங்கிலேயர் சொக்கோட்டோவைப் பிடித்த பிறகும், கைப்பிரதிகளை வஜீர் குடும்பத்தார் காத்து வந்தனர். அக்குடும்பத்தில் வந்த வஜீர் ஜுனைது அவர்களின் உதவியுடன் ஜீன் பாய்ட் என்ற ஆங்கில மாது அவற்றைத் திரட்டினார். பெவர்லி மேக் என்பவரும் சேர்ந்து, அப்பாடல்கள் 1997-இல் அமெரிக்காவில் நூலாக வெளிவந்தன. யன் தாரு பெண்கள் வட நைஜீரியாவில் இன்றும் ஓதிக் கொடுத்து வருகிறார்கள்.