கோபுரத்தின் அடியில் ஒரு காற்றுச் சுரங்கம்

ஈபிள் என்றதும் நமக்குக் கோபுரம்தான் நினைவுக்கு வருகிறது. பொறியியல் மாணவர்கள்கூட அத்தோடு நின்றுவிடுகிறோம். ஆனால், அந்தக் கோபுரத்தை 1889இல் கட்டி முடித்த பிறகு குஸ்தாவ் ஈபிள் இன்னும் 34 ஆண்டுகள் வாழ்ந்தார். விமானத் துறைக்கு அவர் ஆற்றிய தொண்டு முழுவதும் அந்தப் பிற்காலத்தைச் சேர்ந்தது.

1832இல் பிரான்ஸின் டிஜோன் நகரில் பிறந்தவர் அவர். இரும்புப் பாலங்களால் புகழ் சேர்த்தார். அந்தப் புகழுக்குப் பனாமா கால்வாய் ஊழலால் இழுக்கு வந்தது. கால்வாய்க்கு நீர்க்கதவுகள் கட்டும் ஒப்பந்தத்தை அவர் ஏற்றிருந்தார். கால்வாய் நிறுவனம் நொடித்தபோது அவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். 1893இல் இரண்டு ஆண்டு சிறை, 20,000 பிராங்க் அபராதம் என்று தீர்ப்பானது. வழக்குத் தொடுக்கும் கால வரம்பு கடந்துவிட்டதாகக் கூறி மேல் நீதிமன்றம் அதே ஆண்டில் தண்டனையை ரத்து செய்தது. தப்பினார், ஆனால் மனம் விட்டுப்போயிற்று. அறுபது வயதில் தொழிலிலிருந்து ஒதுங்கினார்.

கோபுரத்துக்கும் ஆபத்து இருந்தது. 1909 இறுதியோடு அனுமதிக் காலம் முடியும். பிறகு அதைப் பிரித்துவிடலாம். அறிவியலுக்குப் பயன்பட்டால்தான் அது நிற்கும் என்று கணக்கிட்டார் ஈபிள். வானிலைக் கருவிகளும் கம்பியில்லாத் தந்தியும் அங்கே இடம்பெற்றன. அவரே இரண்டாம் தளத்திலிருந்து, சுமார் 115 மீட்டர் உயரத்திலிருந்து, வடத்தின் வழியே தகடுகளை விழவிட்டுக் காற்றின் எதிர்ப்பை அளந்தார். அதன் பின், 1909இல் கோபுரத்தின் அடியிலேயே ஒரு காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள காற்றோட்டம். வேகம் விநாடிக்குச் சுமார் 18 மீட்டர். 1912இல் பாரிஸின் ஓத்தெய் பகுதியில் இதனினும் பெரிய சுரங்கம் உருவானது.

எனக்கு மிகவும் பிடித்தது உந்துவிசிறி ஆய்வு. ஓரிடத்தில் நிறுத்திச் சுழற்றினால், விசிறி எவ்வளவு இழுக்கிறது என்பது மட்டும் தெரியும். பறக்கும்போது எதிர்க்காற்று வந்து மோத, இறக்கைகள் காற்றை வெட்டும் கோணமே மாறிவிடுகிறது. ஆகவே சிறிய மாதிரி விசிறியைச் சுரங்கக் காற்றில் வைத்து, மின்மோட்டாரால் சுழற்றி, அது தரும் உந்துவிசையையும் உண்ணும் ஆற்றலையும் அளந்தார். மாதிரியின் கணக்கு உண்மை விசிறிக்குப் பொருந்துமா? பொருந்தும், ஒரு விகிதம் மாறாதிருந்தால். முன்னேறும் வேகத்தை, சுற்றுவேகத்தையும் விட்டத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் வருவதே அந்த விகிதம். 2.4 மீட்டர் விசிறி நிமிடத்துக்கு 1200 சுற்று சுழல்கிறது என்போம். அதே காற்று வேகத்தில் 0.8 மீட்டர் மாதிரி 3600 சுற்று சுழல வேண்டும். விசிறி விமானத்துக்கு மாதிரி சோதனை செய்பவர்கள் இன்றும் இந்த விகிதத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பழைய காயம் போல் இன்னொரு சந்தேகமும் வந்தது. ஓர் உருண்டையின் காற்றெதிர்ப்புக்கு அவர் கண்ட எண், ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வகத்தின் எண்ணில் பாதிகூட இல்லை. கணக்கில் பிழை என்றே அங்குள்ளோர் கருதினர். எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஈபிள் வாதாடவில்லை. வேகத்தை மாற்றி மாற்றி மீண்டும் அளந்தார். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எதிர்ப்பு சட்டென்று குறைவது தெரிந்தது. இரு தரப்பு அளவும் சரியே. அதன் காரணத்தை 1914இல் விளக்கியவர் அதே கோட்டிங்கனைச் சேர்ந்த பிராண்டல்.

1913இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஈபிளுக்கு லாங்லி பதக்கம் வழங்கியது. தம் ஆய்வகத்தைப் பின்னர் அரசுக்கே கொடுத்துவிட்டு, 1923 டிசம்பரில், 91 வயதில் மறைந்தார்.