மீண்டும் தொடுத்த மாலை

நல்ல பழக்கம் ஒன்றை மேற்கொள்வது எளிது. மேற்கொண்டதைக் காப்பாற்றுவது அரிது. மார்கழி பிறக்கும்போது, விடியலில் நீராடித் திருப்பாவை அனுசந்திப்பது என்று நம்மில் பலர் உறுதி பூணுகிறோம். தை பிறந்ததும் அவ்வுறுதி நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. கூலி கைக்கு வரும் நாளில் மதுக்கடைப் பக்கம் திரும்புவதில்லை என்று பெற்ற பிள்ளையின் தலைமேல் ஆணையிட்டவர், ஒரு நாள் தவறியதும், இனித் தம்மால் ஆகாதென்று மனம் சோர்ந்து, கொண்ட விரதம் முழுவதையுமே கைவிடுவதைச் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களிலும் காண்கிறோம். பிற ஊர்களிலும் காண்கிறோம். தவறிய நாள் செய்யும் கேட்டைவிட, அதற்கு மறுநாள் மீளாதிருப்பது செய்யும் கேடே பெரிது. இவ்வுண்மையை நம் உள்ளத்தில் பதியச் செய்யும் திவ்ய சரிதம் ஒன்று நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில் நிகழ்ந்தது. திருவிழாக் காலமாகிய இந்நன்னாளில், பெரியாழ்வாருடைய வைபவத்தை அந்த நோக்கோடு சிறிது சிந்திப்போமாக.

பெரியாழ்வாரின் இயற்பெயர் விஷ்ணுசித்தர். ஆனி மாதத்துச் சுவாதி நன்னாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் முகுந்தருக்கும் பதுமவல்லிக்கும் திருக்குமாரராக அவதரித்தார் என்று குருபரம்பரை கூறும். ஆராய்ச்சியாளர் பலர் இவரைக் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவராகக் கருதுவர். வடபத்ரசாயிப் பெருமாளின் திருவடிகளில் பிறவியிலேயே ஈடுபட்ட இவர், எம்பெருமானுக்குத் தாம் செய்யத்தக்க தொண்டு யாது என்று சிந்தித்தார். கண்ணபிரான் கம்சனுடைய மாநகரில் புகுந்தபோது, தானே ஒரு மாலாகாரருடைய இல்லத்தை நாடிச் சென்று பூமாலை பெற்று மகிழ்ந்த வரலாறு அவர் நினைவுக்கு வந்தது. எம்பெருமான் தானே விரும்பிச் சென்று ஏற்றது மாலையன்றோ என்று தேர்ந்து, ஒரு நந்தவனம் அமைத்தார். நாள்தோறும் மலர் பறித்து, மாலை தொடுத்து, வடபத்ரசாயிக்குச் சமர்ப்பிப்பதையே தம் வாழ்நாள் கைங்கரியமாகக் கொண்டார்.

இக்கைங்கரியத்தின் எளிமையை நாம் உற்று நோக்க வேண்டும். பெரும்பொருள் செலவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் தொண்டன்று அது. ஒரு தோட்டம், ஒரு கிணறு, ஒரு களைக்கொட்டு, ஒரு பூக்குடலை ஆகிய இவ்வளவே வேண்டியிருந்தன. ஆயினும் இடம், பொழுது, செயல் ஆகிய மூன்றும் அதில் திட்டமாக அமைந்திருந்தன. விடிந்தால் நந்தவனம், பறித்தால் மாலை, தொடுத்தால் சந்நிதி என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை அவரை இழுத்துச் சென்றன. செடிக்கு நீர் வார்க்க நேற்றைய உற்சாகம் போதாது. இன்றும் வார்த்தாக வேண்டும். வானம் பார்த்த கரிசல் நிலத்தின் அருகே பூந்தோட்டம் வளர்ப்பவர் இதனை நன்கறிவர். கண்ணனைப் பூச்சூட வருமாறு யசோதையின் நிலையில் நின்று அவர் அருளிச்செய்த பதிகத்தில், செண்பகம், மல்லிகை, செங்கழுநீர், இருவாட்சி என்று மலர்கள் பாட்டுக்குப் பாட்டு மாறி வருகின்றன. நாள்தோறும் பூப்பறித்த கை பாடிய பதிகம் அது என்பது படிப்போர்க்கு விளங்கும்.

இவ்வாறு தொண்டு நடந்து வருங்காலத்தில், அதற்கு முதல் இடையூறு பெருமையின் வடிவில் வந்தது. மதுரையில் ஸ்ரீவல்லபதேவன் என்னும் பாண்டியன் ஆண்டுவந்தான். ஓர் இரவு நகர்சோதனைக்குச் சென்றபோது, கங்கையாடி மீண்ட அந்தணர் ஒருவர் திண்ணையில் துயிலக் கண்டு எழுப்பி, நல்லுரை ஒன்று கூறுமாறு வேண்டினான். மழை நாலு மாதத்துக்கு வேண்டியதை மற்றை எட்டு மாதத்திலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்னும் பொருள்பட அவர் ஒரு சுலோகம் சொன்னார். வெயிலை நம்பித் தொழில் செய்யும் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கு இதன் பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. அடைமழை பிடித்துக்கொண்டால் உலர்த்துதற்கு வெயில் இல்லை, வேலையும் இல்லை. வெயிலுள்ள நாளில் சேர்த்ததே அந்நாளில் அடுப்பை எரியச் செய்யும்.

மறுமைக்குத் தான் ஏதும் தேடவில்லையே என்று கலங்கிய பாண்டியன், தன் புரோகிதராகிய செல்வநம்பியின் ஆலோசனைப்படி, பரம்பொருள் இன்னது என்று வேதங்கொண்டு நிறுவுவோர்க்கு உரியதென ஒரு பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டான். வடபத்ரசாயி விஷ்ணுசித்தருடைய கனவில் தோன்றி, மதுரைக்குச் சென்று கிழியறுத்து வருமாறு பணித்தார். தோட்டத்தில் கொட்டுப் பிடித்துத் தழும்பேறிய இக்கை, வித்வான்கள் நிறைந்த சபையில் யாது செய்யவல்லது என்று அவர் தயங்கினார். அது தம் பொறுப்பு என்று எம்பெருமான் தேற்றி அனுப்பினார். சபையில் அவர் வேதப் பொருளை எடுத்துரைக்க, கிழி தானே தாழ்ந்து வந்தது. அரசன் அவரைப் பட்டத்து யானைமேல் ஏற்றிப் பட்டர்பிரான் என்னும் பட்டமளித்து நகர்வலம் வரச் செய்தான். அக்காட்சியைக் காணக் கருடாரூடனாக எம்பெருமான் வானில் எழுந்தருள, இக்கலிகாலத்தில் எம்பெருமானுக்கு என்ன கண்ணேறு நேருமோ என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு திருப்பல்லாண்டு பாடினார். பன்னிரண்டு பாசுரங்கள் கொண்ட அப்பிரபந்தமே இன்றும் நாலாயிரத்தின் தொடக்கமாக ஓதப்பெறுகின்றது.

இவ்வளவு பெருமை பெற்றவர் மதுரையிலேயே தங்கி அரசகுருவாக வாழ்ந்திருக்கலாம். எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவரோ பொற்கிழியுடன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மீண்டு, பெற்ற பொருளை வடபத்ரசாயிக்கே சமர்ப்பித்து, விட்ட இடத்தில் கொட்டைக் கையில் எடுத்தார். நல்ல பழக்கங்கள் துன்பத்தால் மட்டும் முறிவதில்லை. உறவினர் வீட்டுத் திருமணம், வெளியூர்ப் பயணம், கைநிறைய வந்த வருவாய் ஆகிய இன்பங்களாலும் முறிகின்றன. பயணம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் விடியலில் பழைய செயலைத் தொடங்குகின்றவனே பழக்கத்தைக் காத்தவன் ஆவான்.

இரண்டாம் இடையூறு அவர் இல்லத்திலேயே தோன்றியது. ஆடிப்பூர நன்னாளில் நந்தவனத்தில் திருத்துழாயின் அடியில் கண்டெடுத்து அவர் வளர்த்த திருமகளாரே ஆண்டாள். பெருமாளுக்கெனத் தொடுத்து வைத்த மாலையைத் தந்தையார் அறியாமல் தாம் சூடி, எம்பெருமானுக்குத் தாம் ஒத்திருக்கிறோமா என்று அழகு பார்த்துப் பின் களைந்து வைப்பது அவர் வழக்கமாயிற்று. ஒரு நாள் அதனைக் கண்ணுற்ற பெரியாழ்வார் திடுக்குற்றார். மகளைக் கடிந்துகொண்டு, சூடிக் கழித்த மாலை எம்பெருமானுக்கு ஆகாதென்று, அன்று மாலை சாத்தாமலே மனம் நொந்து இருந்துவிட்டார் என்பர். ஆண்டுக்கணக்கில் இடையறாது நடந்த தொண்டு அன்று நின்றது.

அன்றிரவு எம்பெருமான் கனவில் தோன்றி, மாலை கொணராத காரணம் கேட்டார். நிகழ்ந்ததை அவர் விண்ணப்பிக்க, அவள் சூடிய மாலையே மணம் மிக்கது, நமக்கு விருப்பமானது, அதனையே கொணர்க என்று அருளினார். பொழுது விடிந்தது, ஆழ்வார் மீண்டும் மாலை தொடுத்தார். ஆண்டாள் சூடிக்கொடுத்த சுடர்க்கொடியானதும் இவ்வாறே. இதனைக் கொண்டு நம் பிழைகளெல்லாம் எம்பெருமானுக்கு உகப்பாகும் என்று கொள்வது தவறு. நாம் கொள்ளத்தக்கது வேறு. மாலை வராத நாளில் எம்பெருமான் வெகுளவில்லை. ஏன் வரவில்லை என்று வினவினார். ஆழ்வாரும் நேற்று நின்றதை நினைத்து நின்றுவிடவில்லை. தம் தொண்டின் முறையில் செய்யவேண்டிய மாற்றத்தைச் செய்துகொண்டு, தொண்டைத் தொடர்ந்தார்.

மூன்றாவது இடையூறே மிகப் பெரிது. மானிடர் எவருக்கும் வாழ்க்கைப்படேன் என்றிருந்த ஆண்டாளைத் திருவரங்கத்துக்கு அழைத்துவரும்படி அரங்கநாதன் நியமித்தருளினான். பல்லக்கில் சென்ற திருமகளார் கருவறை புகுந்து எம்பெருமானோடு ஒன்றாயினார். உலகம் கொண்டாடிய திருமணம் அது. ஆயினும் பெற்றவரைப் போல வளர்த்த தந்தை தனியே ஊர் திரும்பினார். மகளைப் பிரிந்த தாயின் நிலையில் அவர் அருளிய பதிகம் ஒன்று பெரியாழ்வார் திருமொழியில் உள்ளது. திருமகள் போல் வளர்த்த பெண்ணைச் செங்கண்மால் கொண்டு சென்றானே, புகுந்த வீட்டில் அவளை எப்படி நடத்துவார்களோ என்று தாயுள்ளம் ஏங்கும் அப்பாசுரங்களைத் தம் திருமகளாரைப் பிரிந்த அவருடைய ஏக்கமாகவே பெரியோர் அனுபவிப்பர்.

அன்பர்களே, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அவர் நாள்தோறும் செல்ல வேண்டிய இடம் எது? அந்த நந்தவனமே. மகளைக் கண்டெடுத்த துழாய்ச் செடி அங்கேதான் நின்றது. அவர் தொடுத்த மாலையைச் சூடிப் பார்க்க அவள் அங்கே இல்லை. தொண்டு செய்யும் இடமே துயரத்தைத் தூண்டும் இடமாகவும் ஆகிவிட்ட நிலையில், நம்மைப் போன்றவர்கள் அத்தோட்டத்தின் பக்கமே செல்லமாட்டோம். ஆழ்வார் சென்றார். முன்போல் கைங்கரியத்தைத் தொடர்ந்து நடத்தி, இறுதியில் திருமாலிருஞ்சோலையை அடைந்து அங்கே திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவருடைய திருவரசு இன்றும் அழகர்கோயிலில் சேவிக்கத்தக்கதாக உள்ளது. அவர் அருளிச்செய்தவை மொத்தம் 473 பாசுரங்கள்.

ஆழ்வாருக்கு நேர்ந்த இடையூறுகள் வெளியிலிருந்து வந்தவை; நாங்களோ எங்கள் சபலத்தாலேயே வீழ்ந்தோம், எங்களுக்கு வழி யாது என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு மற்றொரு மாலாகாரர் இருக்கிறார். திருமண்டங்குடியில் அவதரித்த விப்ரநாராயணரும் பெரியாழ்வாரைப் போலவே திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துத் துளவத் தொண்டு புரிந்தவரே. தேவதேவி என்னும் கணிகையின் மையலில் வீழ்ந்து தொண்டை மறந்தார், கைப்பொருளை இழந்தார், கோயிற் பொன்வட்டில் காணாமற் போன வழக்கில் பழியும் சுமந்தார். அரங்கன் அருளால் விடுபட்ட பின், நாணி ஒளிந்துகொள்ளாமல் அதே பூக்குடலையைத் தோளில் ஏந்தினார். அடியார்களின் திருவடிப் பொடியாகத் தம்மைக் கருதித் தொண்டரடிப்பொடி என்னும் பெயர் பூண்டார். திருமாலையும் திருப்பள்ளியெழுச்சியும் அவர் அருளியவை. வீழ்ந்தவர் மீண்டு வந்தபோது, தனித்து நிற்கும் தம் வலிமையை நம்பவில்லை. அடியார் குழாத்தையே பற்றினார். மதுவையோ சூதையோ விட எண்ணுவோர் நல்லோர் கூட்டத்தை விட்டுத் தனித்திருத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் முன்னோர் அனுபவத்தால் கண்டதை இக்கால ஆராய்ச்சியும் ஒருவாறு ஒத்துக்கொள்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சார்ந்தோர் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2010-ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒவ்வொருவரும் ஒரு சிறு நற்செயலைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரு குறித்த சூழலில் செய்துவந்தனர். அச்செயல் தானே நிகழும் பழக்கமாக முதிர்வதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயின. வேறு சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கிட்டனர். ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் கெடவில்லை என்றும் கண்டனர். ஆகவே ஒரு மண்டலம் முடிந்தும் மனம் வசப்படவில்லையே என்று வருந்த வேண்டா. ஒரு நாள் விட்டதால் எல்லாம் போயிற்று என்று கலங்கவும் வேண்டா.

ஆழ்வார் தொடங்கிய செயல் அவரோடு முடிந்துவிடவில்லை. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்குச் சாத்தப்பெறுகின்றது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அணிந்துகொள்ள இங்கிருந்தே மாலை செல்கின்றது. புரட்டாசியில் திருவேங்கடமுடையானின் கருடசேவைக்கும் இங்கிருந்தே மாலை செல்கின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஒரு விடியலில் ஒரு பூவைப் பறித்துத் தொடங்கியது இது. இடையில் ஒரு நாள் நின்றதும் உண்டு. மறுநாள் அது தொடர்ந்ததனாலேயே இன்று நாம் அதனைக் காண்கிறோம்.

எனவே, திருவிழாவைச் சேவிக்க வந்துள்ள அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறிய நற்பழக்கத்தை ஆழ்வார் திருமுன்பே மேற்கொள்வோமாக. பெரியதாக வேண்டா, நாளைக்கும் செய்யக்கூடியதாக இருந்தால் போதும். அதற்கு ஒரு பொழுதும் ஓர் இடமும் குறித்துக்கொள்வோம். தவறினால் ஆழ்வாரை நினைந்து, மறுநாள் விடியலில் பூக்குடலையை மீண்டும் எடுப்போம்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.