கற்றலை நிறுத்தாத அறிஞர்

கேரி தீவிலும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். தோட்டத்திலும் கடைத்தெருவிலும் அவர்கள் பேசிய மொழியை உலகப் பல்கலைக்கழகங்கள் ஆராய வேண்டும் என்று பாடுபட்ட ஓர் அறிஞர், 1960ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூரில் பணியாற்றினார். அவர்தாம் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். தமிழறிஞர் என்று போற்றப்படும் இவர், தமிழ் இலக்கியத்தை ஆழ்ந்து கற்கத் தொடங்கியது பள்ளிப் பருவத்தில் அன்று. முனைவர் பட்டம் ஒன்றைப் பெற்ற பிறகேயாகும்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், இலங்கையின் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். அக்கால வழக்கப்படி அவரது பள்ளிக் கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. கத்தோலிக்கக் குருவாக விரும்பிய அவர், கொழும்பில் பயின்ற பின் 1934இல் உரோமாபுரிக்குச் சென்றார். அங்கு ஐந்து ஆண்டுகள் இறையியல் கற்று முனைவர் பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம் முதலிய ஐரோப்பிய மொழிகளிலும் தேர்ச்சி அடைந்தார்.

1940இல் தமிழ்நாட்டின் திருநெல்வேலி வட்டாரத்திலுள்ள வடக்கன்குளம் என்னும் சிற்றூரின் பள்ளியில் அவர் பணியில் சேர்ந்தார். பல மொழிகள் அறிந்திருந்தும் தம் தாய்மொழியின் இலக்கியச் செல்வத்தைத் தாம் அறியவில்லை என்பதை அங்கேதான் அவர் உணர்ந்தார். உயர்ந்த பட்டம் பெற்றவர் தம் குறையை மறைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். அடிகளாரோ பண்டிதர் ஒருவரை நாடி, மாணவராக அமர்ந்து தமிழ் இலக்கியங்களைக் கற்கலானார்.

சங்கப் பாடல்களைப் படிக்கப் படிக்க அவரது ஆர்வம் பெருகியது. 1945இல், தமது 32ஆம் வயதில், சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். அதன் பின்னர், பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை எவ்வாறு இடம்பெற்றுள்ளது என்று ஆராய்ந்து மற்றொரு பட்டமும் பெற்றார். முன்னர்க் கற்ற கல்வி இப்போது அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஐரோப்பிய இலக்கியங்களை அறிந்திருந்ததால், அவற்றோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்டு, தமிழின் தனிச்சிறப்பை அவரால் எடுத்துக்காட்ட முடிந்தது.

தாம் கற்றதைப் பிறருக்கும் அறிவிக்க அவர் விரும்பினார். தமிழ் தெரியாத அறிஞர்களும் தமிழ்ப் பண்பாட்டை அறிய வேண்டும் என்று கருதி, 1952இல் ஆங்கில இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளரானார். பிறருக்குக் கற்பிக்கும் நிலையை அடைந்த பின்னும் அவர் கற்பதை விடவில்லை. நாற்பது வயதைக் கடந்த நிலையில் இலண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பண்டைத் தமிழரின் கல்வி முறையை ஆராய்ந்து இரண்டாவது முனைவர் பட்டத்தைப் பெற்றார்.

வெளிநாடுகளுக்குச் சென்றபோதெல்லாம் நூலகங்களில் பழைய தமிழ் நூல்களைத் தேடினார். இம்முயற்சிக்கு அவரது போர்த்துக்கீசிய மொழியறிவு துணை நின்றது. 1554இல் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் அச்சான ஒரு சிறு நூலை அவர் அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தன. 1679இல் அச்சான தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி ஒன்றையும் அவர் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். அதன் மறுபதிப்பை 1966இல் மலாயாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

அடிகளார் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். பல ஆண்டுப் பயணங்களால் பல நாட்டு அறிஞர்களின் நட்பு அவருக்குக் கிட்டியிருந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே செய்துவந்த ஆய்வுகள் ஓரிடத்தில் கூட வேண்டும் என்று அவர் எண்ணினார். 1964இல் புதுடில்லியில் அறிஞர்கள் சிலருடன் இணைந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களோடு பிற இனத்து அறிஞர்களும் தமிழைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படைத்தனர். அன்று மலேசிய மண்ணில் தொடங்கிய மாநாடு, பின்னர்ச் சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம் எனத் தொடர்ந்தது.

அடிகளார் 1980ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். அவரது வாழ்வில் எந்தக் கல்வியும் வீணாகவில்லை. ஐரோப்பிய மொழியறிவு சங்க இலக்கிய ஆய்வுக்கு உதவியது. போர்த்துக்கீசிய மொழியறிவு பழைய நூல்களைக் கண்டறிய உதவியது. பயண அனுபவம் மாநாட்டுக்கு வழியமைத்தது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று உணர்ந்து, எந்த வயதிலும் மாணவராக அமர அவர் தயங்கவில்லை. அந்தப் பணிவே அவரைப் பேரறிஞராக உயர்த்தியது.