மண்கலயத்தில் தேநீர் அருந்திய மாவீரர்

விளையாட்டு உலகில் நம் இளைஞர்கள் அறிந்து போற்ற வேண்டிய பெயர் பல்வாங்கர் பாலு என்பதாகும். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமார் குலத்தில், 1876ஆம் ஆண்டு தார்வாரில் அவர் பிறந்தார். தந்தையார் படைத்துறையில் ஊழியர். குடும்ப வறுமையால் பாலு சிறு வயதிலேயே வேலைக்குச் சென்றார். பூனாவில் ஐரோப்பியர் சங்கத்தின் கிரிக்கெட் களத்தைச் சமன் செய்து பேணுவது அவர் பணி. மாத ஊதியம் நான்கு ரூபாய். பயிற்சியின்போது வெள்ளையருக்கு நாள்தோறும் பந்து வீசினார். மட்டை பிடிக்கும் வாய்ப்போ அவருக்குத் தரப்படவில்லை. அவ்வுழைப்பினாலேயே இடக்கைச் சுழற்பந்து வீச்சில் ஈடிணையற்றவரானார்.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்களுக்கு அவர் தேவைப்பட்டார். களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவரும் தொட்டனர். ஆனால், தேநீர் வேளையில் அவர் வெளியே நின்று மண்கலயத்தில் அருந்த வேண்டியிருந்தது. உணவுக்கும் தனி இடமே. பின்னர் பம்பாய் சென்ற அவர், 1906இல் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்ற இந்து அணியில் முன்னணிப் பந்து வீச்சாளராகத் திகழ்ந்தார்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. தலைவர் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடவில்லை. அணி தோல்விமேல் தோல்வி கண்டது. முதல்தர ஆட்டங்கள் பதினான்கில் பத்தில் தோற்றது. தளர்ந்த அவ்வணியைத் தாங்கி நின்றவர் முப்பத்தைந்து வயது பாலுவே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஒரே இன்னிங்சில் எட்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். பயணம் முழுவதிலும் அவர் வீழ்த்தியவை 114 விக்கெட்டுகள். லீசெஸ்டர்ஷயர், சாமர்செட் அணிகளை இந்தியர் வென்றனர். தாயகம் திரும்பிய பாலுவுக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் பம்பாயில் வரவேற்பளித்துப் பெருமை கொண்டனர்.

இத்தகைய வீரருக்கும் இந்து அணியின் தலைமை தரப்படவில்லை. 1920இல் தலைமைக்கு வேறொருவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகி எதிர்ப்புக் காட்டினர். அதன் பயனாகப் பாலு துணைத் தலைவரானார். 1923இல் விட்டலே தலைவராகி அணிக்கு வெற்றி தேடித் தந்தார். அண்ணன் உழுத நிலத்தில் தம்பி அறுவடை செய்தார் எனலாம்.

பிற்காலத்தில் பாலு அரசியலிலும் ஈடுபட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். அக்கொள்கையை நாம் ஏற்க இயலாது. எனினும் களத்தில் அவர் தேடித் தந்த பெருமை நம்முடையதே. 1955ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் மறைந்தார்.

இளைஞர்களே, பாலுவின் வாழ்க்கை இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. திறமை நம்மைக் களம் வரை கொண்டு சேர்க்கும். பந்தியில் சம இடமும் தலைமையும் பெற, ஒன்றுபட்டு நின்று உரிமை கேட்க வேண்டும். உழைப்பை அண்ணனிடமும் ஒற்றுமையைத் தம்பியரிடமும் கற்போமாக!