தீவை எட்டாகப் பகுத்த அடிகளார்

ஆலய மணி கேட்டதும் சொறிக்கல்முனையில் நீர் பூசைக்குப் புறப்படுகிறீர். ஒல்லாந்தர் ஆட்சியில் மணியடித்து விசுவாசிகளை அழைக்க வழியில்லை. கத்தோலிக்கக் குருக்களுக்கே தடை.

கோவா நாட்டில் 1651இல் பிறந்த புனித யோசேவாஸ் அடிகளார், 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றரென்று சிறைப்படுத்தப்பட்டார். பின்னர் அந்த மன்னனின் ஆதரவே அவருக்கு அரணாயிற்று.

ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே! மன்னாரில் நின்றால் கொழும்பு காத்திருக்கும். இரவில் வந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை முடித்து, விடியுமுன் போய்விடுவார். அடுத்த வருகைக்குள் யார் யார் இறப்பார்களோ? ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். குருவானவர் இல்லாத மாதங்களில் செபம் நடத்துவதும், ஆபத்திலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்கள் இல்லாவிடில் அடிகளாரின் பயணங்கள் வீணாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்தபின், 1705இல் தீவை எட்டுப் பிரிவாக்கி, பிரிவுக்கொரு குருவை நியமித்தார். ஒரு மாதத்துப் பூசை அட்டவணை போடவே திணறும் எம்போன்றோருக்கு இது வியப்பே.

1711 ஜனவரி 16இல் அவர் கண்டியில் இறந்தார். அவருடைய சபைக் குருக்களோ தொடர்ந்து ஊர் ஊராய் நடந்தார்கள்.