உலகக் காவலரைப் படைத்த எட்மன்ட் ஹமில்டன்

உலகைக் காக்கும் பொறுப்பு ஒருவனுக்கு உரியதா, பலருக்கு உரியதா? பலருக்கு உரியதாயின், அப்பலரைத் தெரிவு செய்பவர் யார்? அரசியலறிஞர் பேரவைகளில் வைத்து ஆராயும் இவ்வினாக்கள், பத்துச் சதத்துக்கு விற்ற அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றினுள்ளும் மறைந்து கிடக்கக் கண்டேன். சித்திரக்கதை என்ற அளவிலே முகஞ் சுளிப்போர் ஆசிரியருள்ளும் இலக்கிய வட்டத்தாருள்ளும் இன்றும் உளர். அவர்களோடு வாதிடுவது என் நோக்கமன்று. அத்தகைய புத்தகங்களுக்குப் பின்னே பெயர் தெரியாமல் நின்று எழுதிய ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லவே விழைகிறேன். அவர் எட்மன்ட் ஹமில்டன். விஞ்ஞானப் புனைகதை பயில்வோர் அவரை நன்கறிவர். அவருடைய சித்திரக்கதைகளைப் படித்து மகிழ்ந்த சிறுவரோ அவர் பெயரையும் அறிந்திலர்.

ஹமில்டன் 1904ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து யங்ஸ்ரவுண் நகரிலே பிறந்தார். இளமையிலேயே அவருடைய அறிவுக்கூர்மை கண்டு பலரும் வியந்தனர். மற்றைப் பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் பதினான்கு வயதில் அவர் பென்சில்வேனியா மாநிலத்து வெஸ்ட்மின்ஸ்ரர் கல்லூரியிற் சேர்ந்துவிட்டார். ஆயினும் வயதுக்கு மிஞ்சிய கல்வி அவருக்கு நன்மை செய்யவில்லை. மூத்தோர் நடுவே தனித்து நின்ற சிறுவன், பதினேழாம் வயதிற் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினான். மேதையெனக் கொண்டாடப்பட்ட பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்புவது எத்தகைய அனுபவம் என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புகையிரதப் பகுதியிற் சிறிது காலம் எழுதுவினைஞராக இருந்தபின் அவர் எழுத்தையே தொழிலாகக் கைக்கொண்டார்.

அவருடைய முதற் கதை 1926ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்து வியேர்ட் டேல்ஸ் சஞ்சிகையில் வெளிவந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1928இல், அதே சஞ்சிகையில் விண்மீன் இடைவெளிக் காவற்படை பற்றிய கதைத் தொடரைத் தொடங்கினார். விண்மீன்கள் பல ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டாட்சியை அமைத்துக்கொள்கின்றன. அக்கூட்டாட்சியின் கப்பல்கள் ஆபத்து வந்தவிடமெல்லாம் பறந்து செல்கின்றன. அக்கப்பல்களில் மனிதர் மட்டும் பணிபுரியவில்லை. மரஞ்செடிகளின் வழிவந்த உயிரொன்றும் மனிதனும் தோளோடு தோள் நின்று தொழில் செய்கின்றனர். நிறவேற்றுமை சட்டமாகவே நிலவிய அந்நாளைய அமெரிக்காவில், உருவம் வேறுபட்டோர் ஒரே கப்பலில் ஒரே பணியை ஏற்று நிற்பதாக ஓர் இளைஞர் எழுதினார் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இக்கதைகளிற் குறையில்லை என நான் சொல்ல வரவில்லை. கதைக்குக் கதை ஓர் உலகம் அழிவின் விளிம்புக்கு வரும். இறுதி நொடியிலே அது காப்பாற்றப்படும். உலகங்களை உடைப்பவர் என்ற கேலிப்பட்டமும் ஹமில்டனுக்குக் கிடைத்தது. பாத்திரங்களின் உள்ளத்தை அவர் ஆழ்ந்து நோக்கவில்லை. எனினும் காவல் என்பது பலர் கூடிச் செய்யும் பணி என்ற கருத்து அவர் நெஞ்சில் அப்பொழுதே வேரூன்றிவிட்டது.

அக்கருத்தின் மறுபுறத்தையும் அவர் கண்டார். 1932ஆம் ஆண்டு வொண்டர் ஸ்ரோரிஸ் சஞ்சிகையில் இரு உலகங்களின் வெற்றி என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு கதை எழுதினார். பூமியின் மனிதர் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் செல்கின்றனர். அங்கே வாழும் மக்களைப் படைக்கலத்தால் அடக்கி, அவர்தம் நிலத்தைப் பறிக்கின்றனர். பூமியின் படைவீரன் ஒருவன் இக்கொடுமை பொறாது, வியாழனின் மக்களோடு சேர்ந்து அவர்களுக்காகப் போராடி மடிகிறான். வேற்றுலகத்தாரைக் கொடியோராகவும் பூமியின் மனிதரை மீட்பராகவும் காட்டுவதே அக்காலத்துச் சஞ்சிகைகளின் மரபு. ஹமில்டன் அம்மரபைத் தலைகீழாக்கினார். காக்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு புகுபவன் கவர்ந்துகொள்ளவும் கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் எழுதியவற்றுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இக்கதையை நான் மதிக்கிறேன்.

1940இல் மோர்ட் வைசிங்கர் என்னும் பத்திராதிபரின் திட்டத்தை ஏற்று, கப்டன் ஃபியூச்சர் என்ற வீரனின் கதைகளை எழுதத் தலைப்பட்டார். அங்கும் வீரன் தனியனல்லன். இயந்திர மனிதன் ஒருவன், செயற்கையாக ஆக்கப்பட்ட உயிருள்ள மனிதன் ஒருவன், உடலிழந்து பெட்டியொன்றினுள் மூளையாக மட்டும் வாழும் முதிய விஞ்ஞானி ஒருவர் ஆகிய மூவரும் அவனுடைய துணைவர்.

பின்னர் வைசிங்கர் சித்திரக்கதை நிறுவனத்துக்குச் சென்று, சுப்பர்மன் முதலிய வீரரின் கதைகளை வெளியிடும் பொறுப்பை வகித்தார். ஹமில்டனும் அங்கே எழுதத் தொடங்கினார். 1946ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவருக்கும் லீ பிரக்கட் என்னும் எழுத்தாளருக்கும் கலிபோர்ணியாவில் திருமணம் நடந்தது. மணமகனின் தோழராக நின்றவர் ரே பிராட்பரி. லீ பிரக்கட்டும் விஞ்ஞானப் புனைகதையிற் புகழ்பெற்றவர். அவ்வாண்டு வெளியான த பிக் சிலீப் என்னும் திரைப்படத்தின் கதைவசனத்தில் அவருக்கும் பங்குண்டு. தம்பதியர் பின்னர் ஒகையோ மாநிலத்துக் கின்ஸ்மன் என்னும் சிற்றூரிலே பழைய பண்ணைவீடொன்றில் வாழ்ந்தனர். கணவர் கதையின் கடைசி வரியை மனத்தில் அமைத்துக்கொண்ட பின்னரே முதல் வரியை எழுதுவார். மனைவியாரோ முடிவு யாதென அறியாமலே எழுதிச் செல்வார். இருவரும் ஒரே கூரையின் கீழே எழுதியும் இணைந்தெழுதியது மிகச் சிறிதாயிருந்ததன் காரணம் இதுதான்.

அவ்வில்லற வாழ்வின் தொடக்க ஆண்டுகளில், 1950இல், ஹமில்டனின் நாவலொன்று சஞ்சிகையில் வெளியாகி, மறு ஆண்டு நூலாயிற்று. அணுகுண்டு வெடிப்பின் விளைவாகச் சிற்றூர் ஒன்று முழுமையாகவே நெடுங்காலத்துக்கு அப்பாலுள்ள எதிர்காலத்துக்கு எறியப்படுகிறது. பூமி அங்கே குளிர்ந்து செத்துக் கிடக்கிறது. விண்மீன்களின் கூட்டாட்சி வந்து, மக்களின் நலன் கருதி அவர்களை வேறோர் உலகத்துக்குக் குடிபெயருமாறு பணிக்கிறது. மக்களோ மண்ணை விட்டுப் பெயர மறுக்கின்றனர். இளமையில் தாம் கனவு கண்ட அதே கூட்டாட்சியை, எளிய மக்களின் வாசலில் நின்று கட்டளையிடும் அதிகாரமாகவும் ஹமில்டன் இங்கே காண்கிறார். 1928இல் எழாத கேள்வி இது.

இனி நான் தொடக்கத்திற் சுட்டிய சித்திரக்கதைக்கு வருகிறேன். வௌவால் வேடம் பூண்டு கோதம் என்னும் கற்பனை நகரத்துக் குற்றவாளிகளை வேட்டையாடும் பேட்மன் 1939இல் தோன்றியவன். 1955 ஜனவரி எனத் திகதியிட்ட டிடெக்டிவ் கொமிக்ஸ் 215ஆம் இதழில், எல்லா நாடுகளின் பேட்மன்கள் பற்றிய கதை வெளிவந்தது. பேட்மனின் புகழைக் கேட்டுப் பிறநாட்டார் சிலரும் தத்தம் நாடுகளில் வேடம் பூண்டு குற்றங்களைத் தடுத்து வருகின்றனர். இங்கிலாந்திலிருந்து கவசந் தரித்த வீரனும் அவனுடைய இளந்துணைவனும், பிரான்சிலிருந்து வாளேந்திய மஸ்கெற்றியரும், இத்தாலியிலிருந்து உரோமப் படைவீரன் கோலத்தில் ஒருவரும், அவுஸ்திரேலியாவிலிருந்து ரேஞ்சர் என்பவரும், தென்னமெரிக்காவிலிருந்து கௌச்சோ என்னும் குதிரைவீரரும் கோதம் நகருக்கு வருகின்றனர். பேட்மனின் முறைகளைப் பயில்வதே அவர்கள் வருகையின் நோக்கம். வந்தவருள் ஒருவரின் வேடத்திற் குற்றவாளி ஒருவன் புகுந்துகொள்ள, கதை சூடு பிடிக்கிறது.

ஒரு நகரத்தின் காவலன் உலகக் குழாத்தின் நடுநாயகமாக மாறிய இடம் இது. ஆங்கில வீரனையும் துணைவனையும் 1950இன் இறுதியில் பில் ஃபிங்கர் முன்னரே படைத்திருந்தார். அவர்களையும் புதியவர்களையும் ஒரே மேடையில் ஏற்றியவர் ஹமில்டன். காலமும் கருதத்தக்கது. 1954இல் சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற குற்றச்சாட்டை அமெரிக்க மேற்சபையின் குழுவொன்று விசாரித்தது. அவ்வாண்டிலேயே வெளியீட்டாளர் தமக்குத் தாமே கடுமையான ஒழுக்கவிதிகளை வகுத்துக்கொண்டனர். இரத்தமும் கொடூரமும் விலக்கப்பட்ட நிலையில், எழுத்தாளர் விந்தையையும் விளையாட்டையும் நாட வேண்டியவராயினர். பல நாட்டு வீரரின் கூட்டம் அந்நெருக்கடிக்கு ஏற்றதொரு விடையாயிற்று.

இக்கதையை எவ்வாறு மதிப்பிடுவது? உலகமெங்கும் நன்மைக்காகப் போராடுவோர் உளர் என்று அமெரிக்கச் சிறுவருக்குச் சொன்னமை அதன் சிறப்பு. ஆயினும் வந்தவர் அனைவரும் மாணவர், ஆசிரியர் ஒருவரே, அவர் அமெரிக்கர். எல்லா நாடுகள் என்ற தலைப்பின் கீழே ஆசியாவிலிருந்து ஒருவருமில்லை, ஆபிரிக்காவிலிருந்தும் ஒருவருமில்லை. அதே 1955இன் ஏப்ரல் மாதத்தில் அவ்விரு கண்டங்களையுஞ் சேர்ந்த 29 நாடுகளின் பிரதிநிதிகள் பாண்டுங் நகரிலே கூடித் தம் குரலைத் தாமே எழுப்பினர் என்பதை எண்ணும்போது, இக்குறை பின்னும் பெரிதாய்த் தோன்றுகிறது. வியாழனின் மக்களுக்காக இரங்கிய பேனா, இங்கே தன் நாட்டின் எல்லைக்குட் சுருங்கிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இக்குறையை ஹமில்டன் ஒருவர் தலையிலே சுமத்துவதும் நீதியாகாது. அக்காலத்துப் பேட்மன் கதைகளில் பொப் கேன் என்ற பெயர் ஒன்றே காணப்படும். எழுதியவர் ஹமில்டன், இக்கதையை வரைந்தவர் ஷெல்டன் மோல்டொஃப், இருவர் பெயரும் அச்சேறவில்லை. பேட்மனை உருவாக்குவதிற் பெரும்பங்கு கொண்ட பில் ஃபிங்கர் 1974இல் மறைந்தார். படைத்தவர் வரிசையில் அவர் பெயரை நிறுவனம் ஏற்றுக்கொண்டது 2015இலேதான். நீதியை நிலைநாட்டும் வீரரைப் படைத்தோருக்கு அத்தொழிலிலேயே நீதி கிடைக்கவில்லை.

1957இல் ஹமில்டன் அதே வீரரை மீண்டும் அழைத்தார். செல்வர் ஒருவர் அவர்களுக்கெனக் கழக மாளிகை ஒன்றை வழங்க, கழகத்துக்கு ஒரு தலைவரைத் தெரிவு செய்ய வேண்டிய நிலை ஏற்படுகிறது. மாணவராக வந்தவர் இப்பொழுது அங்கத்தவராகிவிட்டனர். சிறிய மாற்றந்தான், எனினும் ஒருவரிடம் பயில்வதற்கும் ஒருவரைத் தெரிவு செய்வதற்கும் இடையேயுள்ள தொலைவு சிறிதன்று.

1963 முதல் மூன்றாண்டுகள், வெவ்வேறு கோள்களிற் பிறந்த இளைஞரின் படையைப் பற்றிய கதைகள் பலவற்றை எழுதினார். அவற்றுள் 1963 செப்டெம்பர் இதழில் வெளிவந்த ஒன்று எனக்கு மிக உவப்பானது. இறந்துபோன தோழன் ஒருவனை உயிர்ப்பிக்க வேண்டுமாயின், மற்றொருவர் தம்முயிரை ஈயவேண்டும். வீரர் ஒவ்வொருவரும் தாமே சாக முன்வருகின்றனர். இறுதியில் உயிர் கொடுப்பது வீரர் எவருமல்லர். அவர்களுள் ஒருவன் வளர்த்த, உருமாறும் இயல்புடைய சிற்றுயிர் ஒன்று, வீராங்கனையின் வடிவந் தாங்கி அவளுக்குப் பதிலாக மாய்கிறது. குழாத்தில் அங்கத்துவமே பெறாத ஓருயிர் குழாத்தின் உயர்ந்த செயலைச் செய்துவிடுகிறது. பெரிய வீரரின் கணக்கில் அடங்காத சிறியோர்மீது ஹமில்டன் வைத்த அன்பு, முப்பதாண்டுக்குப் பின்னும் வற்றவில்லை என்பதற்கு இதுவே சான்று.

1966இல் அவர் சித்திரக்கதைத் தொழிலினின்று ஓய்வு பெற்றார். 1977ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி கலிபோர்ணியாவில், சிறுநீரகச் சத்திரசிகிச்சையை அடுத்து நேர்ந்த கோளாறுகளால் மறைந்தார். அவ்வாண்டிலேயே அவருடைய சிறந்த கதைகள் மனைவியார் தொகுத்த நூலாகவும், மனைவியாரின் சிறந்த கதைகள் அவர் தொகுத்த நூலாகவும் வெளிவந்தன. இணைந்தெழுத இயலாத இருவர், ஒருவர் எழுத்தை மற்றவர் தெரிந்தெடுத்து உலகுக்கு அளித்துச் சென்றனர். மறு ஆண்டு மார்ச்சில் லீ பிரக்கட்டும் காலமானார். அதே 1978இல் கப்டன் ஃபியூச்சரின் கதைகள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் அசைவுச் சித்திரங்களாகி, பின்னர் பிரான்சிலும் ஜேர்மனியிலும் சிறுவரைக் கவர்ந்தன.

ஹமில்டனின் வீரர் கழகமும் மறைந்துபோகவில்லை. ஸ்கொட்லாந்து எழுத்தாளர் கிராண்ட் மொரிசன் 2007இல் அதனை மீட்டெடுத்தார். 2010 முதல் 2013 வரை அவர் எழுதிய தொடரில், பேட்மன் தன் செல்வத்தைக் கொண்டு நாடுதோறும் காவலரை நியமிக்கும் உலக நிறுவனம் ஒன்றை அமைக்கிறான். ஜப்பானுக்கு ஒருவர் வந்தார்; கொங்கோ நாட்டுக்கும் ஒருவர் வந்தார். 1955இல் வெறுமையாயிருந்த ஆசனங்களிற் சில நிரம்பின. எனினும் ஊதியம் அளிப்பவன் ஒருவனே. பெயர் சூட்டுபவனும் அவனே. ஆசனங்கள் கூடியபோதிலும் தலைமாட்டில் அமர்ந்திருப்பவன் மாறவில்லை.

ஆகவே, ஹமில்டன் நமக்கு விட்டுச்சென்றது விடையன்று, வினாவே என்பது என் துணிபு. பலர் கூடிக் காத்தல் வேண்டும் என்றார் ஒரு கதையில். காக்க வருபவனை ஐயுறவும் வேண்டும் என்றார் மற்றொன்றில். இரண்டையும் ஒருசேர மனத்திற் கொள்ளும் மாணவன், எத்தகைய மலிவான தாளில் அச்சிட்ட கதையைப் படித்தாலும், இந்தக் குழாத்திலே யாருக்கு இடமில்லை என்று கேட்கக் கற்றுக்கொள்வான்.