கால்மான் காண்டோ

நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசுங்கால் ஸ்டீவன்ஸன் பெயரை அறியாதார் நம் கல்லூரியில் எவருமிலர். ஆனால், நெடுந்தொலைவு செல்லும் இருப்புப்பாதைகளில் மின்சாரத்தை முதன்முதற் புகுத்தியோருள் ஒருவரான ஹங்கேரி நாட்டுப் பொறிஞர் கால்மான் காண்டோவின் பெயரோ, அவர் தாய்நாட்டிற்கு வெளியே அத்துறை வல்லார் நாவில் மட்டுமே வழங்குகின்றது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்வைப்பது போல அந்நாட்டார் குடிப்பெயரை முன்வைத்து அவரைக் காண்டோ கால்மான் என்பர். இன்று மணிக்கு 300 கிலோமீட்டர் விரையும் வண்டிகளின் அடியிற் சுழலும் மோட்டாருக்கும் இப்பெரியாரின் வாழ்வுக்கும் உள்ள தொடர்பினை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

இவர் 1869-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், பின்னர் புடாபெஸ்ட் நகரத்தோடு இணைந்த பெஸ்ட் என்னும் ஊரிற் பிறந்தார். 1892-இல் பொறியியற் பட்டம் பெற்றுச் சிறிது காலம் கடற்படையில் தொண்டராக இருந்து, பின்னர் பிரான்சு சென்று ஒரு தொழிற்சாலையில் மோட்டார்களை வகுக்கும் வேலையில் அமர்ந்தார். 1894-இல் கான்ஸ் தொழிற்சாலையின் தலைவர் மெக்வார்ட் அவரைத் தாயகத்துக்கு அழைத்துக்கொண்டார். 1885-இல் மின்மாற்றியை உருவாக்கிப் புகழ் பெற்ற தொழிற்சாலை அதுவே.

அக்காலத்து மின்வண்டிகள் பெரும்பாலும் நகரத் தெருக்களில் ஓடிய டிராம் வண்டிகளே. அவை நேர்திசை மின்சாரத்தால் ஓடின. நேர்திசை மோட்டாரில் சுழலும் பாகத்தைக் கரித்துண்டுகள் உரசி நிற்றல் வேண்டும். உரசுமிடத்தில் தீப்பொறி எழும், தேய்மானம் மிகும். ஃபெராரிஸ், டெஸ்லா என்னும் இருவர் 1888-இல் வெளியிட்ட தூண்டல் மோட்டாருக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் அது செவ்வனே சுழல மும்முனை மின்சாரம் வேண்டும். ஒருமுனை மின்சாரம் ஊஞ்சலை ஆட்டும் கை போன்றது; முன்னும் பின்னும் தள்ளுமேயன்றி வட்டமாய்ச் சுழற்றாது. மும்முனை மின்சாரமோ செக்கைச் சுற்றி நின்று ஒருவர்பின் ஒருவராய்த் தள்ளும் மூவரை ஒக்கும். காண்டோ இம்மோட்டாரையே தம் வாழ்நாட் பொருளாகக் கொண்டார்.

வட இத்தாலியின் வால்தெல்லினா பள்ளத்தாக்கில் 106 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை மின்மயமாக்கும் பணி கான்ஸ் தொழிற்சாலைக்குக் கிடைத்தது. மேலே இரண்டு கம்பிகள். தண்டவாளமே மூன்றாம் முனை. 3,000 வோல்ட் அழுத்தத்தில் 1902 செப்டம்பரில் வண்டிகள் ஓடலாயின. பெரும்பாதை ஒன்றில் உயரழுத்த மும்முனை மின்சாரம் பயன்பட்டது உலகில் அதுவே முதன்முறை. பின்னர் அவர் இத்தாலியிலேயே குடும்பத்துடன் தங்கி, வாதோ லிகுரே என்னும் ஊரிலிருந்த வெஸ்டிங்ஹவுஸ் சாலையில் அந்நாட்டு இருப்புப்பாதைக்கெனப் புது எஞ்சின்களை வகுத்தார். ஜெனோவாத் துறைமுகத்துக்கு மேலே ஜியோவி மலைப்பாதையில், ஆயிரம் அடி செல்வதற்குள் முப்பத்தைந்து அடி ஏறும் சரிவில், அவை பாரவண்டிகளை இழுத்தன. இறங்குங்கால் அம்மோட்டார்களே மின்னாக்கிகளாகி, இறக்கத்தின் ஆற்றலைக் கம்பிக்குத் திருப்பித் தந்தன. இக்காலத்து வண்டிகளின் புதுமையெனச் சிலர் வியக்கும் இச்சிக்கனம் நூறாண்டுக்கு முந்தியது என்பதை அன்பர்கள் நோக்குக.

குறைகளும் இருந்தன, அவற்றை மறைத்தல் முறையன்று. பாதைகள் பிரியுமிடங்களிலெல்லாம் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தீண்டாதபடி காத்தல் பெருந்தொல்லை. அன்றியும், தூண்டல் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்தது. அலைவெண் மாறாதெனில் வேகமும் இரண்டு மூன்று படிகளிலன்றி மாறாது. 1903-இல் பெர்லினுக்கு அருகே மூன்று கம்பிகளின் கீழ் ஓடிய ஒரு மும்முனை வண்டி மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் எய்தியது. ஆயினும் அதன் வேகத்தை மாற்ற மின்நிலையத்திலேயே அலைவெண்ணை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வண்டிக்கு ஒரு மின்நிலையம் என்பது எந்நாட்டிற்கும் கட்டுமோ?

1915 மே மாதத்தில் இத்தாலி ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின்மீது போர் தொடுத்தது. காண்டோ பகைநாட்டுக் குடியானார். தாம் வகுத்த எஞ்சின்கள் அங்கேயே நிற்க, வெறுங்கையுடன் வெளியேறி வியன்னாவிற் படைத்துறை அலுவல் பார்த்தார். பின்னர் புடாபெஸ்ட் திரும்பிக் கான்ஸ் சாலையில் இயக்குநரானார். போரிற் தோற்ற ஹங்கேரி 1920-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நிலப்பரப்பிற் பெரும்பகுதியை இழந்தது. நல்ல நிலக்கரி அரிதாகிவிட்ட நாட்டில், மட்டமான கரியை மின்நிலையத்தில் எரித்து வண்டியை ஓட்டலாமே என்பது அவர் கருத்து.

ஈண்டுதான் அவரது துணிவு விளங்குகின்றது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகள் இருப்புப்பாதைக்கென வினாடிக்கு 16⅔ அலைவுடைய தனி மின்சாரத்தை வகுத்துக்கொண்டிருந்தன. அதனால் தனி மின்நிலையங்களோ மாற்று இயந்திரங்களோ தேவைப்பட்டன. வீட்டு விளக்குக்கும் ஆலைக்கும் செல்லும் 50 அலைவு மின்சாரத்தையே ஒரே கம்பியால் வண்டிக்கும் தரவேண்டும் என்றார் காண்டோ. ஒருமுனையாய் வருவதை மோட்டாருக்கு வேண்டிய பன்முனையாக்க, எஞ்சினுக்குள்ளேயே ஒரு பெருஞ்சுழல் இயந்திரத்தை வைத்தார். குயவன் கோலால் விட்டுவிட்டு உந்தினும் திகிரி சீராகவே சுழலுமன்றோ? அதுபோல, துடித்துத் துடித்து வரும் ஆற்றலை அவ்வியந்திரம் வாங்கிச் சீராகப் பகிர்ந்தளித்தது. 1923-இல் புடாபெஸ்டிலிருந்து அலாக் வரை 15 கிலோமீட்டர்ப் பாதையில் முதற்சோதனை நடந்தது. குறைகள் கண்டு எஞ்சினைத் திருத்தி வகுத்தார். புடாபெஸ்டிலிருந்து ஆஸ்திரிய எல்லையிலுள்ள ஹெகியெஷ்ஹலோம் வரை 16,000 வோல்ட் பாதை அமைக்க முடிவாயிற்று. அவரோ 1931 ஜனவரி 13-ஆம் நாள் தமது அறுபத்திரண்டாம் வயதில் இறந்தார். அவர் வகுத்த வி-40 எஞ்சின் 1932-இல் தான் பணிக்கு வந்தது. அதன் வேகம் மணிக்கு 25, 50, 75, 100 கிலோமீட்டர் என நான்கே படிகள்.

காண்டோவின் சுழல் இயந்திரம் வழிவழி நிலைத்ததென்று கூறின் அது மிகையாகும். அது பாரம் மிக்கது. அதன் வழி அத்துடன் ஏறக்குறைய நின்றது. இத்தாலியிலும் மும்முனைக் கம்பிகள் நேர்திசை மின்சாரத்துக்கு இடந்தந்து 1976-இல் முற்றும் மறைந்தன. நிலைத்தவை இரண்டு: நாட்டு மின்சாரத்தையே வண்டிக்குத் தருதல், அதனை வண்டிக்குள்ளேயே மாற்றித் தூண்டல் மோட்டாரைச் சுழற்றுதல். முன்னதைப் பிரெஞ்சுக்காரர் 1950-களில் 25,000 வோல்ட்டாக்கிப் பரப்பினர். பின்னது தகுந்த கருவிக்காக நெடுநாள் காத்திருந்தது. 1964-இல் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்துடன் தொடங்கிய ஜப்பானியப் புதுப்பாதை வண்டியும், 1981-இல் தோன்றிய பிரெஞ்சு விரைவண்டியும் கரித்துண்டு உரசும் நேர்திசை மோட்டார்களையே கொண்டிருந்தன.

அக்கருவி, அசையும் உறுப்பு ஒன்றுமில்லாச் சிலிக்கன் கதவு. 1957-இல் வந்த தைரிஸ்டர், பின் விரும்பியபோது அடைக்கத்தக்க ஜி.டி.ஓ., அதன்பின் இன்னும் விரைந்து திறந்தடைக்கும் ஐ.ஜி.பி.டி. என அவை வளர்ந்தன. கம்பியில் வருவதை முதலில் நேர்திசையாக்கி, வினாடிக்குப் பன்னூறு முறை வெட்டி, வேண்டிய அலைவெண்ணில் மும்முனையாய் அவை தருகின்றன. பெர்லினில் மின்நிலையம் செய்த வேலையை ஒரு பெட்டி செய்கின்றது. நான்கு படி வேகம் படியற்ற வேகமாயிற்று. ஜப்பானின் முதல் வண்டியில் 185 கிலோவாட் மோட்டார் ஏறத்தாழ 880 கிலோ எடையுடையது. 1992-இல் வந்த 300 வரிசை வண்டியின் 300 கிலோவாட் தூண்டல் மோட்டாரோ 390 கிலோ அளவே. பளு குறையவே தண்டவாளத்தின் நடுக்கமும் இரைச்சலும் குறைந்து, வேகம் 270 ஆக உயர்ந்தது. 2020-இல் வந்த வண்டியிற் சிலிக்கன் கார்பைடு கதவுகள் உள்ளன.

காண்டோ மறைந்த அவ்வாண்டிலேயே, 1931-இல், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1960-களின் பிற்பகுதியில் அப்பாதையும் 25,000 வோல்ட், 50 அலைவு முறைக்கு மாற்றப்பட்டது. 2018-இல் பெரம்பூரில் கட்டி முடித்த வந்தே பாரத் வண்டி அம்மின்சாரத்தையே ஒரே கம்பியால் வாங்கி, தனக்குள்ளேயே மும்முனையாக்கித் தூண்டல் மோட்டார்களுக்கு ஊட்டுகின்றது.